மயிராபீஸுக்குப் பூச்சி கொடுத்த கருத்தப்பாண்டி

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு கோதுமைச் செடிகூட முளைக்காத இடமாகப் பார்த்து, தேசியக் கோதுமை இலை உரோம ஆய்வு நிறுவனத்தைக் கட்டியிருந்தார்கள்.

அந்த வட்டாரத்து விவசாயிகள் கேட்டது வேறு. பருத்தியைப் பிடிக்கும் பூச்சிக்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று பல வருடமாக மனுக் கொடுத்து வந்தார்கள். மனு டெல்லி போய்ச் சேர்ந்தபோது பருத்தித் தலைப்பில் நிதி தீர்ந்துபோயிருந்தது. கோதுமைத் தலைப்பில் மீதம் இருந்தது. மீதத்தைச் செலவழிக்காவிட்டால் அடுத்த வருடம் வெட்டிவிடுவார்கள். பூச்சி பொதுவானதுதானே என்று யாரோ ஒரு அதிகாரி குறிப்பு எழுதினார். கட்டடம் எழும்பிவிட்டது.

முதலில் வைத்த பெயர்ப் பலகையில் ‘இலைமயிர் ஆய்வு நிறுவனம்’ என்று இருந்தது. பலகை மாட்டிய அன்று பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்து படித்துவிட்டுச் சிரித்தார்கள். உடனே கண்ணியமான சொல்லைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. ‘கேசம்’ கோயில் வாடை அடிக்கிறது என்று தள்ளினார்கள். ‘ரோமம்’ ஆட்டை நினைவூட்டியது. ஒன்றரை வருடம் கூடிப் பேசி, ரோமத்துக்கு முன்னால் ஓர் உகரத்தைச் சேர்த்தார்கள். உகரம் வந்ததும் கண்ணியமும் வந்துவிட்டதாகக் குழு அறிக்கை சொன்னது. ஆனால் கண்டக்டர்கள் அறிக்கை படிப்பதில்லை. “மயிராபீஸ்லாம் எறங்கு!” என்று கத்துவார்கள். விஞ்ஞானிகள் காது கேளாதவர்கள்போல் உட்கார்ந்திருந்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்து வருவார்கள்.

அவர்கள் ஆராய்ந்த விஷயத்தில் தவறு ஒன்றும் கிடையாது. சில கோதுமை ரகங்களின் இலையில் மெல்லிய மயிர் உண்டு. அதன் மேல் ஒருவகை வண்டு முட்டையிடத் தயங்கும். இட்டாலும் புழுவால் மேய முடியாது. அந்த மயிர் தாய்ச் செடியிலிருந்து பிள்ளைச் செடிக்கு வரும். மயிருள்ளதையும் இல்லாததையும் ஒட்டுச் சேர்த்துப் பொறுக்கி எடுத்தால், மருந்தே தேவைப்படாத பயிர் கிடைக்கும். எல்லாம் உண்மை. சிக்கல் ஒன்றுதான். அந்த வண்டுக்கு இந்த ஊர் தெரியாது.

ஆறு வருடம் ஒரு வண்டுகூட வரவில்லை. வருடந்தோறும் ‘பூச்சித் தாக்குதல் அறவே இல்லை’ என்று இயக்குநர் முனைவர் லிங்கேஸ்வரன் டெல்லிக்கு எழுதினார். வருடந்தோறும் பாராட்டு வந்தது. ஏழாவது வருடம் பாராட்டுக்குப் பதில் ஒரு கேள்வி வந்தது: மயிருள்ள கோதுமையையும் பூச்சி தின்னவில்லை, மயிரில்லாத கோதுமையையும் தின்னவில்லை என்றால், மயிர் எதற்கு?

நிறுவனத்தின் வரலாற்றில் யாராவது கேட்ட முதல் கேள்வி அது. ஆனியில் ஒரு வல்லுநர் குழு நேரில் வந்து பார்க்கும் என்றும் எழுதியிருந்தது. நிறுவனம் முழுவதும் ஒரு பூச்சிக்காக ஏங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான், கருத்தப்பாண்டி ஒரு மஞ்சள் பையோடு வாசலில் வந்து நின்றார்.

கருத்தப்பாண்டிக்கு வ. புதுப்பட்டியில் இரண்டு ஏக்கர். மாசியில் பருத்தி ஊன்றியிருந்தார். சித்திரை பிறந்ததும் இலை ஓரமெல்லாம் மஞ்சளித்து, பிறகு சிவந்து, கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரிச் சுருண்டது. இலையைத் திருப்பினால் அடியில் தத்துப்பூச்சி. பச்சையாக, அரிசிக் குறுணையளவு. விரல் பட்டதும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நழுவி அடுத்த இலைக்குத் தத்திவிடும். இரண்டு தடவை மருந்தடித்துப் பார்த்தார். குளித்துவிட்டு வந்ததுபோல் பூச்சிகள் தெளிந்து நின்றன.

“மயிராபீஸ்ல போய்க் கேட்டா என்ன?” என்றாள் அவர் மனைவி சண்முகத்தாய். “எம்புட்டுப் பெரிய கட்டடம் கட்டிருக்காவ. உள்ள ஒருத்தருக்காவது தெரியாமலா இருக்கும்?”

“அவிய கோதுமைக்கில்ல வைத்தியம் பாக்காவ.”

“பூச்சி பூச்சிதானே. போயிட்டு வாங்க. கேட்டா காசா பணமா?”

அப்படித்தான் அவர் பையில் நோய் கண்ட இலைகளைப் போட்டுக்கொண்டு, வத்திராயிருப்பு வந்து பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் மாறி, அங்கே போய் இறங்கினார். வாசலில் காவலாளி, “கோதுமையா?” என்று கேட்டான்.

“பருத்தி.”

“பருத்திக்கு அனுமதி இல்ல.”

“பூச்சி விழுந்துருக்குய்யா,” என்று கருத்தப்பாண்டி பையை விரித்துக் காட்டினார். காவலாளி எட்டிப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினான்.

மாடிப்படிகளில் தடதடவென்று இறங்கி வந்தவர் பூச்சியியல் பிரிவின் தலைவர் கௌதம்ராஜ். முப்பது வயதுகூட ஆகவில்லை. பத்தடி தூரத்தில் சட்டென்று நின்றுவிட்டார். அவருக்குப் பூச்சி என்றால் பயம். படத்தில் பார்த்தால்கூட முழங்கையைச் சொறிந்துகொள்வார்.

“உயிரோட இருக்கா?”

“இருக்குங்க சார். அதான கஷ்டமே.”

“உங்ககிட்ட எவ்வளவு இருக்கும்?”

“ரெண்டு ஏக்கர் நெறையக் கெடக்கு.”

கௌதம்ராஜின் கண்கள் பனித்தன. “அப்பா!” என்று மாடியைப் பார்த்துக் கூவினார். உடனே திருத்திக்கொண்டு, “டைரக்டர் சார்!” என்றார்.

கருத்தப்பாண்டியைக் குளிரூட்டிய அறையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். இயக்குநர் லிங்கேஸ்வரன் அவருடைய பையைத் தன் மேசைமேல், விநாயகர் சிலைக்குப் பக்கத்தில் வைத்தார். கருத்தப்பாண்டிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நம் கஷ்டத்தை இவ்வளவு மதிக்கிறார்களே என்று நினைத்து, கேட்க வந்ததைக் கேட்டார்.

“இதுக்கு என்ன மருந்துங்கய்யா அடிக்க?”

குழந்தையின் கழுத்தை நெரிக்கவா என்று ஒருவர் கேட்டதுபோல் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

“மருந்தா?” என்றார் லிங்கேஸ்வரன். “ஏழு வருஷம் தவம் இருந்து கிடைச்ச பூச்சி, கருத்தப்பாண்டி. ஒரு சொட்டு அடிச்சீங்கன்னா அரசாங்கப் பூச்சியை அழிச்ச குத்தம் வரும்.”

“பூச்சி என் காட்டுல இருக்குதுங்க.”

“காடு உங்களோடது. பூச்சி தேசத்தோடது. கவலையே படாதீங்க. உங்க பூச்சி எங்க கோதுமையைத் திங்க வரும். மயிரைப் பார்த்துத் தோக்கும். அந்தத் தோல்வியில இருந்து உங்களுக்கு விதை வரும்.”

“பருத்தி விதைங்களா?”

“விதை,” என்றார் லிங்கேஸ்வரன். அதற்கு மேல் குறுகிப்போக அவர் விரும்பவில்லை.

அடுத்த வாரமே பருத்திக்காட்டு வரப்பில் ‘தேசியப் பூச்சிச் சேமிப்பகம். மருந்து அடிக்காதீர்’ என்று ஒரு பலகை முளைத்தது. பந்தல் போட்டு, மைக் கட்டி, கருத்தப்பாண்டிக்கு ‘முதன்மைப் பூச்சி வழங்குநர்’ என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். சுற்றியிருந்த காட்டுக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். லிங்கேஸ்வரன் பேசினார்.

“மரபு என்றால் என்ன? அப்பனிடம் இருப்பது பிள்ளைக்கு வருவது. என் தந்தையார் இந்தத் துறையில் இயக்குநராக இருந்தார். நான் இயக்குநராக இருக்கிறேன். என் மகன் பூச்சியியல் பிரிவின் தலைவர். இதற்கு எவரும் சிபாரிசு செய்யவில்லை. தேர்வுக் குழுவின் தலைவராக நானே இருந்தேன். எனக்குத் தெரியாமல் எப்படிச் சிபாரிசு நடக்கும்? இதைத்தான் அறிவியல் ஓங்கு பண்பு என்று சொல்கிறது. எத்தனை தலைமுறை ஒட்டுச் சேர்த்தாலும் அது மேலேயே நிற்கும். அடுத்து, பூச்சி. பூச்சி இல்லாத நாட்டில் பூச்சி எதிர்ப்பு எப்படி வளரும்? நோயாளி இல்லாத ஊரில் டாக்டர் எப்படிப் பிழைப்பார்? சிலர் பூச்சியை ஒழிக்கச் சொல்கிறார்கள். பூச்சி ஒழிந்தால் எங்கள் கதி என்ன என்று அவர்கள் ஒரு நிமிடமாவது யோசித்ததுண்டா?”

எல்லாரும் கை தட்டினார்கள். எல்லாரும் தட்டுவதைப் பார்த்துக் கருத்தப்பாண்டியும் தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் சண்முகத்தாய் பொன்னாடையைப் பிரித்துப் பார்த்தாள். “இது உங்களுக்குப் போத்துனாவளா, பூச்சிக்குப் போத்துனாவளா?” என்றாள்.

பூச்சி பிடிக்க நிறுவனத்தில் ஒரு கருவி இருந்தது. சின்னக் கண்ணாடிக் குப்பி. அதிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள். ஒன்றைப் பூச்சிக்கு நேராக நீட்டி, மற்றதை வாயில் வைத்து உறிஞ்சினால் பூச்சி குப்பிக்குள் வந்து விழும். கௌதம்ராஜ் ஒரு தடவை குழாயைக் கையில் எடுத்தார். உதட்டருகே கொண்டுபோனதும் குமட்டிவிட்டது. ஆகவே அவர் வரப்பில் குடை பிடித்து நின்று வழிகாட்ட, கருத்தப்பாண்டி தன் காட்டுப் பூச்சியைத் தானே உறிஞ்சிக் கொடுத்தார். வாரம் ஒரு தடவை குப்பிகளைப் பஸ்ஸில் கொண்டுபோய் ஒப்படைப்பதும் அவர் பொறுப்பானது. எத்தனை உறிஞ்சினாலும் காட்டில் குறையவில்லை. மருந்து கிடையாது, கலைப்பார் கிடையாது. நாட்டிலேயே பாதுகாப்பாக வாழ்ந்த பூச்சிகள் அவைதான். வைகாசியில் இரண்டு ஏக்கரும் நெருப்புப் பட்டதுபோல் சிவந்துவிட்டது.

நிறுவனத்தில் கோதுமை ஒரு கண்ணாடிக் கூடத்துக்குள் வளர்ந்தது. வெயில் தாங்காமல் செத்துவிடும் என்பதால் உள்ளே ஏசி போட்டிருந்தார்கள். பருத்திக்காட்டு வெயிலிலேயே பிறந்து வளர்ந்த தத்துப்பூச்சிகளை அங்கே திறந்து விட்டதும் அவை இரண்டு தத்துத் தத்திவிட்டு, குளிரில் விறைத்துத் தரையில் விழுந்தன.

“பாத்தீங்களா!” என்றார் லிங்கேஸ்வரன். “மயிரைக் கண்டதுமே மண்டியிட்டிருச்சு.”

கௌதம்ராஜ் கதவுக்கு வெளியே நின்றபடி, கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் தயங்கினார். “அந்தப் பக்கம் மயிரில்லாத கோதுமைக்கு அடியிலயும் விழுந்து கிடக்கே சார்.”

மயிரில்லாத கோதுமையை ‘வழுக்கை ரகம்’ என்று சொல்ல நிறுவனத்தில் யாருக்கும் தைரியம் கிடையாது. இயக்குநரின் தலை அப்படி. எழுத்தில் அதை ‘உரோமம் ஓய்வுபெற்ற ரகம்’ என்று குறிப்பிட்டார்கள். ஓய்வுபெற்ற ரகத்தையும் பூச்சி தொடவில்லை என்றால் டெல்லியின் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. லிங்கேஸ்வரன் கதவுப் பக்கம் திரும்பினார்.

“பக்கத்து வரிசை மயிரைப் பாத்துப் பயந்திருக்கும். அண்டை எதிர்ப்புன்னு எழுதுங்க. புதுக் கண்டுபிடிப்பு.”

அன்று குப்பியைத் திரும்ப வாங்கக் காத்திருந்த கருத்தப்பாண்டி, தண்ணீர் குடிக்கக் கட்டடத்தின் பின்பக்கம் போனார். மதிலோரம், தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால், ஒரு வரிசை பருத்தி நின்றது. பார்த்ததும் அதன் கிட்டப் போனார். குப்பியிலிருந்து தப்பிய பூச்சிகள் அங்கேயும் வந்திருந்தன. சில செடிகள் அவர் காட்டுச் செடிகள் மாதிரியே சிவந்து குறுகிக் கிடந்தன. ஆனால் அவற்றுக்கு நடுவே மற்றச் செடிகள் கரும்பச்சையாக, காயும் வெடிப்புமாக, ஒன்றுமே நடக்காததுபோல் நின்றன.

“தொட்டுப் பாருங்க அண்ணாச்சி,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஜாஸ்மின், தளவாய்புரத்துப் பெண். அங்கே இளநிலை விஞ்ஞானி. செருப்பெல்லாம் செம்மண்ணாக நின்றாள்.

கருத்தப்பாண்டி நல்ல இலை ஒன்றைத் தடவினார். ஒருநாள் தாடி மாதிரிச் சொரசொரத்தது. நோய்ச் செடியின் இலை வழுவழுவென்றிருந்தது.

“மயிரா?”

“மயிர்தான். கோதுமையில வண்டுக்குச் செய்ற வேலைய பருத்தியில தத்துப்பூச்சிக்குச் செய்யும். அது முட்டையை இலை நரம்புக்குள்ள சொருகும். மயிர் அடர்த்தியா இருந்தா சொருக முடியாது. மயிருள்ள நாட்டுப் பருத்தி ஒண்ணையும் வழவழ பருத்தி ஒண்ணையும் ஒட்டுச் சேத்தேன். பேரப்புள்ளைக நாலுக்கு மூணு மயிரோட வந்துருக்கு.”

“தாத்தன் மயிரு பேரனுக்கு வருமாக்கும்.”

“வரும் அண்ணாச்சி. வந்து நிக்கிதே.”

“அப்போ இந்த விதையக் குடுத்தா என் காடு பொழைச்சிருமே, தாயி. ஏன் குடுக்க மாட்டேங்கிறாவ?”

ஜாஸ்மின் மதிலைப் பார்த்தாள். “மூணு தடவை எழுதிக் கேட்டுட்டேன். இது கோதுமை நிறுவனம், பருத்தி எங்க வரம்புல இல்லைன்னுட்டாங்க. விதிப்படி கோதுமையைத் தவிர இங்க முளைக்கிற எல்லாமே களை. நான் களைதான் வளத்துக்கிட்டிருக்கேன்.”

கருத்தப்பாண்டி வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இலையைத் தொட்ட விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனார். இத்தனை வாரமாகத் தன் பயிரைத் தின்னக் கொடுத்து, பூச்சியை வாயால் உறிஞ்சிக் கொண்டுவந்து சேர்த்தது எதற்கு என்று யோசித்தார். வத்திராயிருப்பில் இறங்கி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார்.

ஆனியில் வல்லுநர் குழு வந்தது. தலைவர் டெல்லிக்காரர்; தமிழ் தெரியாது. இருபது வருடமாகக் கோதுமைக் கோப்புகளைப் பார்த்தவர் என்றும், கோதுமையைச் சப்பாத்தியாகச் சந்தித்திருக்கிறார் என்றும் சொன்னார்கள். வருவதற்கு முந்தின நாள் வளாகத்தைச் சுத்தப்படுத்த உத்தரவானது. களையெல்லாம் பிடுங்கப்பட்டன. ஜாஸ்மினின் பருத்தி வரிசையும் வேரோடு வந்து, மதிலுக்கு வெளியே குப்பையில் விழுந்தது.

குழுத் தலைவர் கண்ணாடிக் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பழைய கேள்வியையே திரும்பக் கேட்டார்: மயிரில்லாவிட்டால் பூச்சி என்ன செய்யும், அதைக் காட்டுங்கள்.

லிங்கேஸ்வரன் கலங்கவில்லை. எல்லாரையும் ஜீப்பில் ஏற்றி வ. புதுப்பட்டிக்குக் கூட்டிவந்தார். முன்கூட்டியே சொல்லியனுப்பி, கருத்தப்பாண்டியைப் பொன்னாடையோடு வரப்பில் நிறுத்தியிருந்தார்கள். அவருக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் எரிந்து கிடந்தது.

“இதுதான் ஐயா, உரோமம் ஓய்வுபெற்ற நிலை,” என்று லிங்கேஸ்வரன் இந்தியில் சொன்னார்.

தலைவர் நெஞ்சில் கை வைத்தார். ஓர் இலையைக் குனிந்து பார்த்தார். “இது கோதுமையா?”

“கோதுமையாக இருந்தது, ஐயா. தாக்குதல் அந்த அளவு.”

“இலை இவ்வளவு அகலமாக இருக்கிறதே?”

“வீக்கம், ஐயா.”

தலைவர் இன்னும் இரண்டு அடி நடந்தார். பூச்சிக்குத் தப்பி ஒரு செடியில் காய் வெடித்துப் பஞ்சு தொங்கியது. “இந்த வெள்ளை?”

“பூஞ்சணம்,” என்றார் கௌதம்ராஜ், ஜீப்புக்குள்ளிருந்தபடி.

நடக்கும் பேச்சு புரியாவிட்டாலும், தன் பயிரைக் காட்டி ஏதோ தப்பாகச் சொல்கிறார்கள் என்பது கருத்தப்பாண்டிக்குப் புரிந்துவிட்டது. பட்டென்று முன்னால் வந்தார்.

“ஐயா, இது பருத்தி. நான் ஊனுனது. இவிய பேச்சக் கேட்டு மருந்தடிக்காம விட்டேன். எல்லாம் போச்சு.”

“என்ன சொல்கிறார்?” என்று தலைவர் கேட்டார்.

“கோதுமை போனதில் மனம் பேதலித்திருக்கிறது,” என்று லிங்கேஸ்வரன் மொழிபெயர்த்தார். “தன் துன்பத்தைத் தேசத்துக்குக் காணிக்கையாக்குவதாகச் சொல்கிறார்.”

தலைவர் கண்கலங்கி, கருத்தப்பாண்டியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மயிரில்லாவிட்டால் கோதுமை இந்தக் கதிக்கு ஆளாகும் என்பதை நேரில் கண்டதாகவும், நிறுவனத்தை உடனே விரிவுபடுத்த வேண்டும் என்றும் அங்கேயே சொல்லிவிட்டுப் போனார். ஜீப் கிளம்பியது. கருத்தப்பாண்டி பொன்னாடையை அவிழ்த்து வரப்பில் போட்டார். சண்முகத்தாய் அதை எடுத்து, எருமைக்குக் கொசு மறைப்பாக வேலியில் கட்டினாள்.

“இங்க நிண்டு அழுது என்னத்துக்கு?” என்றாள். “அந்தப் பிள்ளை வளத்த பருத்திய எங்க போட்டாவளாம்?”

“குப்பையில. நேத்துக் குப்பி குடுக்கப் போனப்போ பாத்தேன்.”

“குப்பையில கெடந்தா அரசாங்கத்துதா?”

மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரும் சாக்கோடு பஸ் ஏறினார்கள். மதிலுக்கு வெளியே செடிகள் அப்படியே வாடிக் கிடந்தன. ஒவ்வொன்றாக இலையைத் தடவிப் பார்த்து, சொரசொரத்த செடியில் வெடித்த காயை மட்டும் பறித்தார்கள். பாதி வேலையில் ஜாஸ்மின் வெளியே வந்தாள். சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

“உங்கள ஒண்ணும் கேக்க மாட்டாவளா, தாயி?” என்றாள் சண்முகத்தாய்.

“குப்பை அள்றதுக்கு இங்க பிரிவு இல்ல அக்கா. யாரு கேப்பா?”

அடுத்த மழைவரை காலத்தைத் தள்ளுவது எளிதாக இல்லை. கருத்தப்பாண்டி வத்திராயிருப்புத் தோப்புகளில் தேங்காய் உரிக்கப் போனார். சண்முகத்தாய் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலைக்குப் போய், யாரோ விளைவித்த பருத்தியில் தூசி பொறுக்கினாள். புரட்டாசியில் மழை விழுந்ததும், இருந்த விதைக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஊன்றினார்கள். அரை ஏக்கருக்கும் குறைவுதான். ‘மருந்து அடிக்காதீர்’ பலகையைப் பிடுங்கி ஆட்டுக்கொட்டடிக்குக் கதவாக வைத்தார்கள்.

தத்துப்பூச்சி வந்தது. இலைக்கடியில் உட்கார்ந்து பார்த்தது. அங்கங்கே முளைத்த சில வழவழச் செடிகளைச் சிவக்க அடித்தது. சொரசொரத்த செடிகளில் அதனால் குடியேற முடியவில்லை. கார்த்திகையில் காடு கரும்பச்சையாக நின்றது. தை பிறந்தபோது வெளேரென்று வெடித்தது. கருத்தப்பாண்டி தினமும் காலையில் போய் ஓர் இலையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்த்தார். பக்கத்துக் காட்டுக்காரர்கள் வந்து விதை சொல்லிவைத்தார்கள்.

அப்போதுதான் ஜீப் வந்தது. விரிவுபடுத்திய நிறுவனத்தில் இரண்டாவது கண்ணாடிக் கூடம் தயாராகிவிட்டது. அதற்குப் பூச்சி வேண்டும். கௌதம்ராஜ் குடையோடு இறங்கினார்.

“ஆறு மாசமா வழங்கலே இல்லையே, கருத்தப்பாண்டி. பூச்சி எங்க?”

“இல்லைங்க சார்.”

“எப்படி இல்லாமப் போகும்? நீங்க முதன்மைப் பூச்சி வழங்குநர்.”

“பூச்சி நிக்க மாட்டேங்குது சார். இலையைப் பாருங்க.”

கௌதம்ராஜ் ஓட்டுநரிடம் ஓர் இலையைத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஓட்டுநர் தடவிவிட்டு, “சார், மயிரு,” என்றார்.

கௌதம்ராஜின் முகம் மாறியது. பூச்சி இல்லை என்று உறுதியானதால் தைரியம் வந்து, தானே கிட்டப்போய்த் தடவினார். “இது எங்க உரோமம்!” என்றார். “எங்க வளாகத்துல பொறந்த உரோமம். பரம்பரை பரம்பரையா எங்க நிறுவனத்துக்குச் சேர வேண்டியது. நீங்க எடுத்துட்டு வந்திருக்கீங்க!”

“நீங்க குப்பையில போட்டத எடுத்தோம்,” என்றாள் சண்முகத்தாய்.

“செடியைத்தான் குப்பையில போட்டோம். உரோமத்தைப் போடலை.”

விஷயம் இயக்குநர்வரை போனது. லிங்கேஸ்வரன் சட்ட ஆலோசகரைக் கூப்பிட்டார். முழுநாள் விவாதம். செடி பருத்தி, ஆகவே நிறுவனத்தின் வரம்பில் இல்லை, அதைப் பறிமுதல் செய்ய வழியில்லை. ஆனால் இலைமேல் உள்ள உரோமம், எந்த இலையில் இருந்தாலும், நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கிறது. செடியை விவசாயிக்கு விட்டுவிட்டு உரோமத்தை மட்டும் மீட்பது என்று முடிவானது.

மறுவாரம் ஒரு வேனில் பன்னிரண்டு விஞ்ஞானிகள் வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு முக்காலி, ஒரு குடை, முள்ளெடுக்கும் சாமணம் ஒன்று, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. லிங்கேஸ்வரன் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தேசத்தின் உரோமத்தில் ஓர் இழைகூடத் தனியாரிடம் தங்கக் கூடாது என்று சுருக்கமாகப் பேசினார். வேலை தொடங்கியது. ஒரு செடி, அதில் ஓர் இலை, அந்த இலையில் ஓர் இழை என்று பிடித்து இழுத்துக் குப்பியில் போட்டார்கள். முனைவர் பட்டம் பெற்றவர்கள் எல்லாரும். மத்தியானம்வரை ஒருவர்கூட ஓர் இலையை முடிக்கவில்லை.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஜாஸ்மினும் இருந்தாள். கருத்தப்பாண்டி அவளுக்குச் செம்பில் மோர் கொண்டுபோய்க் கொடுத்தார். குரலைத் தாழ்த்தி, “செடிக்கு ஒண்ணும் ஆகாதே, தாயி?” என்று கேட்டார்.

“ஒண்ணும் ஆகாது, அண்ணாச்சி. ஒரு இலையில ஆயிரக்கணக்குல இருக்கும். இவங்க இத முடிக்கிறதுக்குள்ள பத்து இலை புதுசா வந்துரும். அதுலயும் இருக்கும்.” மோரைக் குடித்துவிட்டுச் சாமணத்தை எடுத்துக்கொண்டாள். “எனக்குச் சம்பளம் இதுக்குத்தான் தாராங்க. நீங்க பருத்தி எடுங்க.”

கருத்தப்பாண்டியும் சண்முகத்தாயும் மடியைக் கட்டிக்கொண்டு பருத்தி எடுக்க இறங்கினார்கள். இந்தப் பக்கம் பஞ்சு, அந்தப் பக்கம் குடைகள்.

சாலையில் வத்திராயிருப்புப் பஸ் வேகத்தைக் குறைத்து நின்றேவிட்டது. பன்னிரண்டு குடைகளையும், குனிந்திருந்த பன்னிரண்டு தலைகளையும், நாற்காலியில் இருந்த ஒரு தலையையும் பார்த்த கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார்.

“அண்ணாச்சி! ஒங்க காட்டுல அதிகாரிகள்லாம் என்ன செய்றாவ?”

கருத்தப்பாண்டி நிமிர்ந்தார். யாரையும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிப் பழகாத மனிதர். என்ன சொல்வது என்று செத்தநேரம் யோசித்துப் பார்த்தார். சுற்றி வளைத்துச் சொல்ல வேறு சொல் கிடைக்கவில்லை. உள்ளதை உள்ளபடியே சொன்னார்.

“மயிரு புடுங்குதாவ.”

பஸ் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. வரப்பில் லிங்கேஸ்வரன் எழுந்து நின்று, மக்கள் தந்த வரவேற்புக்குக் கை கூப்பினார்.